ஏலம் விடாமல் பொதுச் சொத்தை விற்கலாமா?

கேள்வி: எங்கள் பேரூராட்சியில் கண்டம் செய்த குப்பை வண்டிகளையும் பழைய இரும்புக் குழாய்களையும் ஏல அறிவிப்பே இல்லாமல் ஒரு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டார்கள். கேட்டால், "நல்ல விலைக்குத்தான் போயிருக்கிறது, நீங்கள் ஏலம் கேட்க வந்தவரும் இல்லையே" என்கிறார்கள். நான் கேள்வி கேட்க முடியுமா?
— வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: தாராளமாகக் கேட்கலாம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998 கொள்முதலுக்கானது. விற்பனையை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது. அதனால் விற்பவர் இஷ்டப்படி விற்கலாம் என்று ஆகிவிடாது. அரசமைப்பின் 14-ஆவது பிரிவு இங்கே குறுக்கே நிற்கிறது. அரசு தன் ஒப்பந்தங்களையும் சலுகைகளையும் தனியார்போல வேண்டியவருக்கு வழங்க முடியாது என்று ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் (1979) உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கிடைக்கக்கூடிய அதிக விலைக்குக் குறைத்து விற்பதானால் அதற்கு நியாயமான பொதுநலக் காரணம் வேண்டும் என்றது கஸ்தூரி லால் வழக்கு (1980). போட்டிக்கே இடம் தராதபோது, கிடைத்தது நல்ல விலைதான் என்று எதை வைத்துச் சொல்வது?

ஏலம் ஒன்றே வழியல்ல என்று உச்ச நீதிமன்றமே 2012-இல் சொல்லியிருக்கிறதே என்று அவர்கள் வாதிடலாம். உண்மைதான். இயற்கை வளங்களைப் பற்றிய அந்தக் கருத்துரையிலும், எந்த முறையைக் கையாண்டாலும் அது நியாயமாகவும் பாரபட்சமின்றியும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை தளரவில்லை. ஆகவே ஏலத்தைத் தவிர்த்தவர்கள்தான் காரணம் காட்ட வேண்டும். நீங்கள் ஏலதாரர் அல்ல என்பதும் தடையாகாது. அது வரி செலுத்தும் ஊராரின் சொத்து. பொதுநல மனுவுக்கு அந்த அக்கறை போதும்.

முதலில் ஆவணங்களைத் திரட்டுங்கள். கண்டம் செய்த உத்தரவு, மன்றத் தீர்மானம், மதிப்பீட்டு அறிக்கை, பணம் செலுத்திய ரசீது ஆகியவற்றின் நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வணிக ரகசியம் என்று மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். முடிந்துபோன விற்பனையின் விலையை மறைப்பதற்கு அந்த விலக்கு எளிதில் உதவாது. முறைகேடு தெரிந்தால் மாவட்ட ஆட்சியரிடமும் லஞ்ச ஒழிப்புத் துறையிடமும் புகார் தரலாம். அரசமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தையும் நாடலாம். ஆனால் தாமதிக்காதீர்கள். ரமணா வழக்கில் நடந்தது தவறு என்று தீர்ப்பளித்த நீதிமன்றமே, மனுதாரர் பல மாதம் கழித்து வந்ததைச் சுட்டி, அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய மறுத்துவிட்டது. விண்ணப்பத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.