மைக்கிலிருந்து கம்ப்யூட்டர் வரை

வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த மைக் வாங்கலாம்?" என்றுதான். அந்த மைக் கம்ப்யூட்டருக்குள் போகும் வழியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பதிவு கெடுவதோ பெரும்பாலும் அங்கேதான். என் அக்கா வீணை வாசிப்பார், பாட்டும் சொல்லித்தருவார். அவரையும் அவருடைய மாணவிகளையும் பதிவு செய்தே இதையெல்லாம் தெரிந்துகொண்டேன்.

லேப்டாப்பின் ஓரத்தில் இருக்கும் 3.5 மில்லிமீட்டர் துளை, ஹெட்செட் மாட்டிப் பேசுவதற்காக வைத்தது. மேடையில் பாடகர்கள் கையில் பிடிக்கும் டைனமிக் மைக்கை அதில் செருகினால் குரல் எங்கோ பக்கத்துத் தெருவில் கேட்கும். அந்த மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். ஒலியைக் கூட்டக் கூட்ட இரைச்சலும் கூடவே ஏறும். ஸ்டுடியோ கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் பேன்டம் பவர் வேண்டும். அது அந்தத் துளையில் கிடைக்காது.

ஆகவே நடுவில் ஆடியோ இன்டர்ஃபேஸ் என்ற சின்னப் பெட்டி தேவை. ஒரு பக்கம் மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் கேபிள், மறுபக்கம் யுஎஸ்பி. அந்த மூன்றில் ஒரு பின் கிரவுண்டு. மற்ற இரண்டிலும் ஒரே ஒலி நேரெதிராக ஓடுகிறது. வழியில் ஒட்டிக்கொள்ளும் மின் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுவதால், பெட்டிக்குள் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது அது அடிபட்டுப் போய்விடும். கேபிளைத் தாராளமாக நீட்டி, லேப்டாப்பை மைக்கிலிருந்து தள்ளி வைக்கலாம். தனியாகப் பாடுகிறவருக்கு யுஎஸ்பி மைக்கே போதும். குரலுக்கு ஒன்று, வீணைக்கு ஒன்று என்று வைக்க நினைத்தால், இரண்டு மைக் இணைக்கக்கூடிய இன்டர்ஃபேஸாகவே வாங்கிவிடுங்கள்.

கர்நாடக சங்கீதம் பதிவு செய்கிறவர்கள் அவசியம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒருமுறை பதிவைப் போட்டுக் கேட்டபோது அக்கா கேட்டார்: "சுருதியை யாருடா நிறுத்தினது?" யாரும் நிறுத்தவில்லை. தம்புரா தொடக்கத்தில் தெளிவாக இருந்தது, சில நொடிகளில் தேய்ந்து காணாமல் போயிருந்தது. வீணையில் ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டால் அதன் கார்வை நீண்டு அடங்க வேண்டும். அதுவும் பாதியில் அறுந்திருந்தது. இரைச்சலைக் குறைக்கிறேன் என்று கம்ப்யூட்டர் செய்த வேலை இது. மாறாமல் தொடர்ந்து ஒலிப்பது எதுவானாலும் அதற்கு ஃபேன் சத்தம்தான். தம்புராவும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது. விண்டோஸில் ஒலி அமைப்புகளைத் திறந்து, உங்கள் மைக்கைத் தேர்ந்தெடுத்து, 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று இருப்பதை அணைத்துவிடுங்கள். லேப்டாப் கம்பெனி தானாகப் போட்டு அனுப்பும் ஒலி மென்பொருளிலும் இதே போன்ற வசதி இருக்கும், அதையும் அணையுங்கள்.

இன்டர்ஃபேஸில் மைக்கின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கெயின் திருகை வைக்கும்போது பேச்சுக் குரலில் சோதிக்க வேண்டாம். பாட்டில் வரும் உச்சபட்ச மேல்ஸ்தாயி இடத்தை முழுக் குரலில் பாடச் சொல்லி, அப்போது மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி திருகுங்கள். 24 பிட்டில் பதிந்தால், அளவு குறைவாக இருந்தாலும் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். வெடித்துப் பதிந்த குரலை ஒழுங்காக மீட்க முடியாது.

தன் குரல் ஹெட்போனில் தாமதமாகக் கேட்டால் பாடுகிறவருக்குத் தாளம் தடுமாறும். இன்டர்ஃபேஸில் 'டைரக்ட் மானிட்டர்' பொத்தான் இருந்தால் அதைப் போடுங்கள், குரல் கம்ப்யூட்டரைச் சுற்றாமல் நேராகக் காதுக்கு வரும். இல்லையென்றால் தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவர் போட்டு, பஃபரை 128 சாம்பிளுக்குக் குறையுங்கள்.

'ம்ம்ம்' என்ற உறுமல் கேட்டால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் பல நேரம் அந்த வழியாகத்தான் நுழைகிறது. பேட்டரியிலேயே ஓட்டிப் பதிவை முடித்துவிடலாம். மின்விசிறியை நிறுத்துங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

புது மைக்குக்குப் பணம் எடுத்து வைக்கும் முன், இருப்பதை வைத்தே ஒரு சோதனை செய்யுங்கள். யாரும் பாடாமல் அரை நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்து, ஹெட்போனில் கேளுங்கள். அதில் கேட்கிற ஒவ்வொரு சத்தமும் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்திய பிறகு பாடத் தொடங்குங்கள்.