மைனஸில் நிற்கும் ஸ்லாக்: எதை முதலில் தொடுவது?

எஃப்பிஜிஏ டிசைன் கம்பைல் ஆகி, ஸ்லாக் மைனஸில் நின்றால் பலருக்குக் கை டூல் செட்டிங் பக்கம்தான் போகிறது. அதைக் கடைசிக்கு வையுங்கள். இங்கே சொல்வது விவாடோவையும் சைலிங்க்ஸ் 7 சீரிஸ் சிப்பையும் வைத்துத்தான். குவார்டஸில் வேலை செய்பவர்களுக்கும் வரிசை இதேதான்.

முதலில் கன்ஸ்ட்ரெய்ன்ட் ஃபைலைத் திறங்கள். கிளாக் 200 மெகாஹெர்ட்ஸ் என்றால் பீரியட் 5 நானோசெகண்ட் என்று இருக்கிறதா? ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கிளாக்குகளை அசின்க்ரனஸ் என்று அறிவித்திருக்கிறீர்களா? சொல்லாவிட்டால் விவாடோ எல்லாக் கிளாக்கையும் உறவுள்ளதாகவே எடுத்துக்கொண்டு, தேவையில்லாத பாதைகளோடு மல்லுக்கட்டும். அதற்காகத் தோற்கிற பாதைக்கெல்லாம் ஃபால்ஸ் பாத் எழுதிவிடாதீர்கள். ரிப்போர்ட் சுத்தமாகிவிடும், போர்டு மக்கர் செய்யும்.

அடுத்து டைமிங் ரிப்போர்ட்டில் மோசமான பத்துப் பாதைகளை எடுங்கள். ஸ்லாக் -0.8 என்றால் அந்தப் பாதைக்கு 5.8 நானோசெகண்ட் வேண்டும். கிளாக் சுமார் 172 மெகாஹெர்ட்ஸைத் தாண்டாது. பல சமயம் பத்தும் ஒரே இடத்தில்தான் போய் முடியும். தாமதம் லாஜிக்கிலா, ரூட்டிங்கிலா என்று ரிப்போர்ட்டே பிரித்துக் காட்டும். வைத்தியம் அதைப் பொறுத்தது.

லாஜிக்கில் என்றால் பைப்லைன்தான் வழி. ஒரே சுற்றில் பெருக்கி, கூட்டி, ஒப்பிடவும் செய்கிற கோடைத் துண்டாக்குங்கள். டிஎஸ்பி பிளாக்குக்குள்ளேயே உள்ளீட்டிலும், பெருக்கலுக்குப் பின்னும், வெளியீட்டிலும் ரெஜிஸ்டர்கள் சும்மா கிடக்கின்றன. கோடில் அதற்கேற்ப ரெஜிஸ்டர் வைத்தால் டூல் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒரு பொறி மட்டும் உண்டு. அந்த ரெஜிஸ்டர்களுக்கு சின்க்ரனஸ் ரீசெட் மட்டுமே தெரியும். ஆல்வேஸ் வரியில் பழக்கதோஷத்தில் ‘ஆர் போஸ்எட்ஜ் ரீசெட்’ என்று சேர்த்துவிட்டால், ரெஜிஸ்டர் டிஎஸ்பிக்கு வெளியே நின்றுவிடும். போட்ட பைப்லைன் பாதி வீண். பிளாக் ராமின் வெளியீட்டு ரெஜிஸ்டரையும் மறக்க வேண்டாம். எத்தனை சுற்று கூடியதோ அத்தனை சுற்று வேலிட் சிக்னலையும் தள்ளிவையுங்கள்.

ரூட்டிங்கில் என்றால் ஃபேன்அவுட்டைப் பாருங்கள். ஒரே எனேபிள் சிக்னல் ஆயிரக்கணக்கான ரெஜிஸ்டர்களை ஓட்டிக்கொண்டிருக்கலாம். அதைப் பிரதியெடுத்துப் பகிர்ந்துவிடுங்கள். பிபிளாக் போட்டு இடத்தை அடைப்பதை நான் அவ்வளவாகச் சிபாரிசு செய்யமாட்டேன். அவசரத்தில் போட்ட வேலி மற்ற பாதைகளை நெரிக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு சின்ன மைனஸ் மிச்சமிருந்தால் ரீடைமிங், ஃபிசிக்கல் ஆப்டிமைசேஷன், வேறு டைரக்டிவ்கள் என்று ஓட்டிப் பாருங்கள். குவார்டஸில் சீட் மாற்றலாம். ஆனால் சீட் தயவில் தேறிய டிசைன், நாளை ஒரு வரி மாற்றினாலே மறுபடி தோற்கலாம்.

செட்டப் தேறியதும் ஹோல்ட் ஸ்லாக்கையும் பாருங்கள். பைப்லைன் மாறியதால் சிமுலேஷனை மீண்டும் ஓட்டுங்கள். இரண்டும் சரியென்றால் ரூட் ஆன செக்பாயின்ட்டைச் சேமியுங்கள். அதை ஆதாரமாக வைத்து அடுத்த கம்பைலை இன்க்ரிமென்டலாக ஓட்டினால், கை வைக்காத பகுதிகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும்.