புதிய கடல்நீர்த் தொட்டியும் உயிருள்ள பவளமும்

இராமநாதபுரம், மண்டபம், இராமேசுவரம் கடற்கரையை அடுத்து வாழும் உழவர் பெருமக்களில் சிலர், மிளகாய்க்கும் மானாவாரி நெல்லுக்கும் இடையே துணை வருவாய் தேடி, கடல்நீர்த் தொட்டியில் அழகு மீன் வளர்க்க முன்வருகின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் தொட்டி அமைத்ததும் பலருக்கும் முதலில் எழும் ஆசை, பக்கத்துக் கடலிலிருந்து ஓர் உயிருள்ள பவளக் கல்லைக் கொண்டுவந்து நடுவில் வைக்கலாம் என்பதாகும். அதை ஏன் செய்யக் கூடாது, அதற்குப் பதில் தொட்டியை எவ்வாறு பதப்படுத்தி மீன் விட வேண்டும் என்பதை இங்கே காண்போம்.

பவளம் கல் அன்று

பவளம் பார்ப்பதற்குக் கல்லாகத் தோன்றினாலும் உயிருள்ள பிராணியாகும். பாலிப் எனப்படும் மென்மையான சிற்றுயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தை எடுத்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. நாம் கல் என்று சொல்வது அந்த வீட்டைத்தான். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் நூற்றுக்கும் மேற்பட்ட பவள வகைகள் உள்ளன. அவற்றுள் பேவியா, பிளாட்டிஜைரா, சிம்பில்லியா போன்றவை உருண்டைப் பாறையாக வளர்பவை. சிலவற்றின் மேற்பரப்பு மூளை மடிப்பைப் போன்றிருக்கும். இவற்றில் சிம்பில்லியா போன்ற பெரிய வாயுள்ள வகைகளில், இரவில் சதை உப்பி, உணர்கொம்புகள் வெளியே நீண்டு இரை பிடிப்பதைக் கண்ணாலேயே காணலாம். தொட்டி வைப்போரின் மனத்தை இழுப்பதும் இந்த அழகே.

பவளத்தின் சதைக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி வாழ்கிறது. அது வெயிலொளியில் உணவு தயாரித்துப் பவளத்திற்குப் பெரும் பங்கைக் கொடுக்கிறது. கடல்நீர் வழக்கமான கோடை வெப்பத்தைவிட 1 அல்லது 2 டிகிரி உயர்ந்து சில வாரம் நீடித்தால் இந்தப் பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் போகும். வெப்பம் விரைவில் தணிந்தால் மீளும், இல்லையேல் பட்டினியால் இறக்கும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன. பரந்த கடலிலேயே இந்த நிலை என்றால், மே மாதத்தில் மின்சாரம் நின்றுபோன வீட்டில் ஒரு சிறு தொட்டி எவ்வளவு விரைவில் சூடேறும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

புதுத் தொட்டியில் நிகழ்வது என்ன?

யூரியா இட்டால் மண்ணில் அது அமோனியாவாகி, பின்பு நுண்ணுயிர்களால் நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாறுவதை நீங்கள் அறிவீர்கள். தொட்டியிலும் அதுவே நடக்கிறது. மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அமோனியாவாகின்றன. அமோனியாவும் நைட்ரைட்டும் நஞ்சு. நைட்ரேட்டு ஓரளவு வரை தீங்கு செய்யாது. பழைய தொட்டியில் இந்த மாற்றத்தைச் செய்யும் நுண்ணுயிர்கள் மணலிலும் வடிகட்டியிலும் குடியேறியிருக்கும். புதுத் தொட்டியில் அவை இல்லை. மக்காத பச்சைச் சாணத்தை நாற்றின் வேரில் இட்டால் நாற்று கருகுவது போல, பதப்படாத நீரில் விட்ட உயிர் மடிகிறது. மீனாவது ஓரளவு தாங்கும். பவளத்திற்கோ நுண்ணுயிர்கள் பெருகினால் மட்டும் போதாது. நீரின் சுண்ணாம்புச் சத்து, காரத்தன்மை, வெப்பம், உப்பு ஆகிய நான்கும் மாதக்கணக்கில் மாறாமல் நிற்க வேண்டும். அனுபவம் உள்ளவர்களும் ஒரு தொட்டியை இந்த நிலைக்குக் கொண்டுவரப் பல மாதங்கள் காத்திருப்பார்கள்.

சட்டம் சொல்வது

பிற நாடுகளில் பண்ணையில் வளர்த்த பவளத் துண்டுகளைத் தொட்டியில் வைப்பதுண்டு. நம் நாட்டில் அதற்கு இடமில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு இவற்றுக்கும் உண்டு. எடுப்பதும், வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், இதற்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. கரை ஒதுங்கிய இறந்த துண்டையும் எடுத்து வைக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த 560 சதுர கிலோமீட்டர் பரப்பும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுப்பாடு காரணமில்லாமல் வரவில்லை. சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டட வேலைக்கும் பல்லாண்டுக் காலம் பவளப் பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுத்து நின்ற பாறை போனதும் தீவின் மணல் கரைந்தது. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் இன்று நீருக்குள் மூழ்கிக் கிடக்கின்றன. வரப்பை வெட்டினால் வயல் மண் ஓடுவதைப் போன்றதே இது. உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். தேங்காய் அளவுள்ள ஒரு கல்லைப் பெயர்த்தால் அந்த இடம் நிரம்பப் பத்தாண்டுக்கு மேல் ஆகும்.

பவளத்தை வளர்க்கும் பணி கடலுக்குள்ளேயே உரிய அனுமதியுடன் நடைபெறுகிறது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையம் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சட்டங்களில் கட்டி, சிதைந்த இடங்களில் நட்டு வருகிறது. உங்கள் உறவினர் வலையில் உயிருள்ள பவளம் சிக்கினால் உடனே அதே இடத்தில் கடலில் விடச் சொல்லுங்கள்.

தொட்டியைப் பதப்படுத்தும் முறை

3 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரமுள்ள தொட்டி தொடக்கத்திற்கு ஏற்றது. இதன் கொள்ளளவு சுமார் 190 லிட்டர். தண்ணீரின் எடையே 190 கிலோவுக்கு மேல் வரும் என்பதால் தாங்கும் மேடை உறுதியாக இருக்க வேண்டும். வெயில் நேரே படாத, காற்றோட்டமுள்ள இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

உவர்க் கிணற்று நீரைக் கடல்நீர் என்று எண்ணி நிரப்பக் கூடாது. உப்பின் அளவு ஒத்திருந்தாலும் அதிலுள்ள உப்புகளின் கூட்டு வேறு. மழைக்குப் பின் கலங்கிய கரைநீரும் ஆகாது. தெளிந்த கடல்நீரைத் துணியில் வடிகட்டிப் பயன்படுத்துங்கள். பிளீச்சிங் தூள் இட்டுச் சுத்தப்படுத்தினால், குளோரின் முழுதும் நீங்கும் வரை காற்றூட்டிப் பரிசோதித்த பின்பே நிரப்ப வேண்டும்.

பவளக் கல்லுக்குப் பதில் சுட்ட ஓட்டுத் துண்டு, புதிய மண்சட்டியின் பாதி ஆகியவற்றை நன்கு கழுவி அடுக்குங்கள். மீனுக்கு ஒளியவும் முட்டையிடவும் அது போதும்.

காற்றூட்டியையும் வடிகட்டியையும் ஓடவிட்டு ஒரு சிறு இறால் துண்டைத் தொட்டியில் இடுங்கள். அது அழுகி வரும் அமோனியாவை உண்டு நுண்ணுயிர்கள் பெருகும். பாலுக்கு உறை மோர் ஊற்றுவது போல, நோயற்ற பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டைச் சேர்த்தால் விரைவில் பதப்படும். பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். பரிசோதனைப் பெட்டியால் பார்க்கும்போது அமோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லாமல், நைட்ரேட்டு மட்டும் தெரிந்தால் தொட்டி ஆயத்தம்.

மீன் விடுதலும் பராமரிப்பும்

கடலில் பிடித்த மீனை வாங்காமல், பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீனை வாங்குங்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இம்மீனின் குஞ்சு உற்பத்தி முறையை உருவாக்கியுள்ளது. பயிற்சி பற்றி அங்கே நேரில் விசாரிக்கலாம். முதலில் இரண்டு மீன்களே போதும். கடல் தாமரை இல்லாமலும் இவை நன்கு வாழும்.

வெப்பம் 26 முதல் 29 டிகிரி செல்சியஸ், கார அமில நிலை 8.0 முதல் 8.3, நீரின் ஒப்படர்த்தி 1.020 முதல் 1.025 என இருக்கட்டும். தீனியை நாளுக்கு இரு வேளை, ஐந்து நிமிடத்தில் தின்று தீரும் அளவே இடுங்கள்.

தொட்டி நீர் ஆவியாகிக் குறையும்போது நல்ல நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். உப்பளத்தில் நடப்பது போல நீர்தான் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். கடல்நீரையே மேலும் மேலும் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். எடுத்த நீரை வயலிலோ, தென்னையின் அடியிலோ, கிணற்றோரத்திலோ கொட்ட வேண்டாம். 20 லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 700 கிராம் உப்பு உள்ளது. தொட்டி மீன் வேண்டாம் என்றாலும் அதைக் கடலில் விடாதீர்கள். நம் கடலுக்கு உரியதல்லாத இனமும் நோயும் அங்கே பரவக்கூடும்.

மீன் விட்ட பின்பும் முதல் மாதம் முழுவதும் வாரம் இருமுறை அமோனியாவைப் பரிசோதியுங்கள். சிறிதளவு தென்பட்டாலும் தீனியைக் குறைத்து, கால் பங்கு நீரை உடனே மாற்றுங்கள். அடுத்த இரண்டு மீன்களை அமோனியா தென்படாமல் ஒரு மாதம் சென்ற பின்பே விட வேண்டும்.