வழிகேட்டு ஏறும் மலை

நுழையும்முன்

விடுமுறை நாள்களில் குடும்பத்தோடு மலையேறும் வழக்கம் பெருகிவருகிறது. சமவெளியில் நடந்து பழகிய கால்கள் மலையிலும் அவ்வாறே நடக்கும் என்று எண்ணுவது மனித இயல்பு. அவ்வெண்ணம் எங்கே பிழைபடுகிறது என்பதையும், சங்ககாலக் கூத்தர் கூட்டமொன்றுக்கு மலைவழி எவ்வாறு எடுத்துரைக்கப்பட்டது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

தருமபுரி மாவட்டத்தில் அரூருக்குத் தெற்கே எழுந்து நிற்பது சித்தேரி மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இது, சேர்வராயன் மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடையில் அமைந்துள்ளது. இங்குத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பழங்குடியினர் 'மலையாளி' என்று அழைக்கப்படுகின்றனர். (கேரளத்து மலையாளிகளோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளுதல் கூடாது.) சாமை, தினை, கேழ்வரகு முதலியவற்றை விளைவித்தும், புளி, கடுக்காய் முதலிய காடுபடு பொருள்களைத் திரட்டியும் வாழும் இவர்களுக்கு மலைப்பாதை என்பது சந்தைக்கும் மருத்துவமனைக்கும் போய்வரும் வழி. எந்தப் பாறை மழைக்காலத்தில் வழுக்கும், எந்தச் சுனை பங்குனியில் வற்றும் என்பதை அவர்கள் சிறுவயதிலேயே அறிந்துகொள்கின்றனர்.

சமவெளியிலிருந்து செல்வோருக்கு இவ்வறிவு இல்லை. ஒளிப்படத்தில் கண்ட அருவியை நம்பிப் புறப்படுவோரே மிகுதி. அப்படம் மழை ஓய்ந்த காலத்தில் எடுக்கப்பட்டதாக இருக்கலாம். சித்தேரியின் பெரும்பகுதி இலையுதிர் காடு. கோடையில் நிழலும் குறையும், நீரும் குறையும். மலையடிவாரத்து வள்ளிமதுரை அணைக்கு வந்துசேரும் ஆற்றின் பெயரே வரட்டாறு. ஓடையை நம்பித் தண்ணீர்க் குடுவையின்றிச் செல்வோருக்கு அப்பெயர் ஒன்றே போதுமான எச்சரிக்கை.

குடும்பத்தின் வேகம்

பாட்டி முதல் ஆறு வயதுச் சிறுமி வரை எட்டுப் பேர் கொண்ட ஒரு குடும்பம் மலையேறுவதாகக் கொள்வோம். உச்சி 6 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஏறவேண்டிய உயரம் 600 மீட்டர். சமவெளிக் கணக்கில், மணிக்கு 5 கிலோமீட்டர் நடந்தால், 1 மணி 12 நிமிடத்தில் உச்சியை அடைந்துவிடலாம். 1892 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நெய்ஸ்மித் என்னும் மலையேற்ற வீரர் இக்கணக்கைத் திருத்தினார். நடக்கும் தொலைவுக்கு உரிய நேரத்தோடு, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் ஒரு மணி நேரத்தைக் கூட்டவேண்டும் என்பது அவர் கண்ட விதி. அதன்படி 2 மணி 12 நிமிடம் ஆகும்.

இதுவும் உடல்வலிமை மிக்கவர் ஓய்வின்றி நடப்பதற்கான கணக்கே. குழந்தையும் முதியவரும் உள்ள குழுவுக்கு இரு மடங்கு நேரம் ஒதுக்குதல் தகும். காலை 9 மணிக்குப் புறப்பட்டால் உச்சியை அடையும்போது பிற்பகல் ஒன்றரை மணியாகும். உண்டு இளைப்பாறி இறங்கத் தொடங்கும்போது இரண்டரை. இறங்குவது எளிது என்பது பலரிடமும் உள்ள மயக்கம். உடலின் எடையைத் தொடைத்தசைகளும் முழங்கால்களும் ஒவ்வோர் அடியிலும் தாங்கி நிறுத்தவேண்டியிருப்பதால், களைத்த கால் தடுமாறுவது இறக்கத்திலேயே மிகுதி. அடிவாரத்தை நெருங்குமுன் மார்கழிப் பொழுது சாய்ந்துவிடும். கிழக்கு நோக்கிய சரிவாயின் கதிரவன் மலைமுகட்டின் பின்னே இன்னும் முன்னதாகவே மறைந்துவிடுவான்.

நேரத்தைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. இளைஞர்கள் முன்னே விரைகின்றனர், முதியோர் பின்தங்குகின்றனர், குழந்தையைத் தூக்கியவர் இடையில் நிற்கிறார். ஒரு குடும்பம் தன்னை அறியாமலே மூன்று குழுக்களாகிவிடுகிறது. தண்ணீர் முன்னே சென்றவரிடம், உணவு பின்னே வருபவரிடம், கைப்பேசி ஒருவரிடம்; வழி அறிந்தவர் மூன்று குழுவிலும் இல்லை. இரண்டாகப் பிரியும் ஒற்றையடிப்பாதை ஒன்று எதிர்ப்பட்டால் அக்குடும்பம் சிதறிவிடும். ஆகவே, குழுவில் மிக மெதுவாக நடப்பவரை முன்னே விட்டு, அவருடைய வேகத்தையே அனைவரின் வேகமாகக் கொள்வது நல்லது.

குரங்கணியில் நேர்ந்தது

களைப்பும் இருளும் பெரும்பாலும் துன்பத்தோடு முடிந்துவிடும். பருவம் அறியாமல் செல்வது உயிரையே கேட்கும். 2018 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆம் நாள், தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு அருகே, கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இரு குழுக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு குழு சென்னையிலிருந்தும் மற்றொன்று ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்தும் சென்றவை. சிறுவரும் அவர்களிடையே இருந்தனர். காய்ந்த புல் மண்டிய சரிவில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மீட்கச் சென்றவர்களுள் அவ்வூர் மக்களும் இருந்தனர். பின்னர் விமானப்படை உலங்கூர்திகளும் ஈடுபடுத்தப்பட்டன.

தீ மேல்நோக்கிப் பாயும் இயல்புடையது. சரிவின் அடியில் எரியும் தழல், மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே சூடேற்றி உலர்த்திவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் கணக்கு. அதே சரிவு மனிதனின் வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிடும். குரங்கணியில் சிக்கியோருள் பலர் நல்ல உடல்நலம் வாய்ந்த இளைஞர்கள் என்பதை இங்கு நினைத்துப்பார்க்கவேண்டும்.

இந்நிகழ்வுக்குப் பின் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிமுறைகளை வகுத்தது. பாதைகள் எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை எனப் பிரிக்கப்பட்டன. காட்டுத்தீப் பருவமாகிய பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மலையேற்றம் நிறுத்தப்படுகிறது. வனத்துறையின் இசைவின்றிக் காப்புக்காட்டினுள் நுழைவது குற்றமாகும்.

மலைபடுகடாம் காட்டும் வழி

சித்தேரிக்கு வடகிழக்கே உள்ள செங்கம், சங்க இலக்கியத்தில் செங்கண்மா எனப்படும் ஊர். அதனை ஆண்ட நன்னனைப் பாடியது பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம். 583 அடிகள் கொண்ட இப்பாட்டுக்குக் கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உண்டு. விருந்தோம்பலுக்காகவே பெரிதும் போற்றப்படும் இந்நூலை மலைவழி நூலாகவும் படிக்கலாம். பரிசில் பெற்று மீளும் கூத்தன், சுற்றத்தோடும் விறலியரோடும் எதிரே வரும் மற்றொரு கூத்தனுக்குத் தான் நடந்துவந்த வழியைச் சொல்கிறான்.

அவன் மலையின் அழகைச் சொல்வதோடு நின்றுவிடவில்லை. தினைப்புனத்தை அழிக்கும் பன்றிகளுக்காக ஒடுங்கிய வழிகளில் கற்பொறிகள் வைக்கப்பட்டிருக்கும். ஆகவே இரவில் நடவாமல் விடிந்தபின் செல்லுங்கள் என்கிறான். பாம்பு உறையும் இடங்களைக் குறித்துக்கொண்டு விலகச் சொல்கிறான். புனங்காவலர் யானையை விரட்ட எறியும் கவண்கல் படாமல் மரத்தின் மறைவில் செல்லவும், பாசி படர்ந்து வழுக்கும் இடத்தில் அருகிலுள்ள செடிகொடிகளைப் பற்றிக்கொண்டு நடக்கவும், இரவில் குகையில் தங்கவும் அறிவுறுத்துகிறான்.

இவற்றுள் ஒன்று நம்மை வியக்கவைக்கும். குறவரே திசை மயங்கும் இடங்கள் மலையில் உண்டு. அங்கு வழி தவறினால் மேலும் நடவாமல், அகன்ற பாறையில் அனைவரும் ஒன்றுகூடி நின்று, இசைக்கருவிகளை ஒலிக்கச் செய்யுங்கள்; ஒலி கேட்டுக் கானவர் வந்து உதவுவர் என்கிறான் அக்கூத்தன். வழி தவறியோர் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும், பிரியக்கூடாது, ஒலியெழுப்பவேண்டும் என்றே இன்றைய மீட்புக் குழுவினரும் கற்பிக்கின்றனர். முழவுக்கும் யாழுக்கும் மாற்றாக இன்று ஒரு விசில் போதும்.

2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட அரசின் மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் இடம்பெற்றன. அங்கு வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றவர்களுள் அந்தந்த மலைகளில் பிறந்து வளர்ந்த பழங்குடி இளைஞர்களும் உள்ளனர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு குன்றின் தொலைவையும் உயரத்தையும் கேட்டறிந்து, உங்கள் குடும்பத்தினர் ஏறி இறங்க ஆகும் நேரத்தை நெய்ஸ்மித் விதிப்படி கணக்கிடுக.

2. உங்கள் பகுதிக்கு முதன்முதலாக வரும் ஒருவருக்கு வழிகூறும் பாங்கில் ஆற்றுப்படை உரைநடை ஒன்றை ஒரு பக்க அளவில் எழுதுக.