மூட்டைப்பூச்சி எங்கிருந்து வருது?



வீட்டில் மூட்டைப்பூச்சி வந்தால் வெளியில் சொல்ல நமக்குக் கூச்சம். "வீட்டைச் சுத்தமா வச்சுக்கலை"ன்னு பேசுவாங்களே என்ற பயம். ஆனால் மூட்டைப்பூச்சி அழுக்கில் பிறப்பதில்லை. அதற்கு வேண்டியது நம்ம ரத்தமும், பகலில் ஒளிய ஒரு இடுக்கும்தான். 2023-ல் பாரிஸ் நகரத்தில், ரயிலிலும் சினிமா தியேட்டரிலும் மூட்டைப்பூச்சின்னு ஊரே பரபரப்பாச்சு. பாரிசுக்கே அந்தக் கதின்னா நமக்கு என்ன வெட்கம்?

இதற்கு இறக்கை இல்லை. தெள்ளுப்பூச்சி மாதிரி குதிக்கவும் தெரியாது. நம் மூட்டை முடிச்சோடுதான் ஊர் விட்டு ஊர் போகும். மாமல்லபுரம் லாட்ஜுகளுக்குப் பல ஊர், பல நாட்டு ஆட்கள் வருகிறார்கள். ஒருத்தர் பெட்டியில் வந்தது கட்டில் இடுக்கில் தங்கி, அடுத்தவர் பையில் ஏறிவிடலாம். அங்கே அறை சுத்தம் செய்யும் சகோதரிகள் உங்கள் பையைக் கட்டில்மேல் வைக்காதீர்கள். மறைமலை நகர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய், ஒரே அறையில் பலரோடு தங்கும் பிள்ளைகள் லீவுக்கு வந்தால், பையை வாசலிலேயே பிரித்துப் பாருங்கள். பழைய கட்டில் வாங்கினாலும், கல்யாணத்துக்குப் பாய் இரவல் கொடுத்து வாங்கினாலும் இதே கதைதான்.

ஒரு பெண் பூச்சி வாழ்நாளில் 200 முட்டைக்கு மேல்கூட இடும். சுமார் 10 நாளில் பொரியும். ரத்தம் கிடைக்காவிட்டாலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு வாரம் அம்மா வீட்டுக்குப் போனால் சாகாது. பையோடு அங்கேயும் வந்துவிடும்!

இது கடித்து நோய் பரவுவதாக நிரூபணம் இல்லை. அரிப்பும் தூக்கக்கேடும்தான். நாம் அவசரத்தில் தெளிக்கும் மருந்துதான் பெரிய ஆபத்து. 2024 நவம்பரில் குன்றத்தூரில் எலிக்காக வீட்டுக்குள் வைத்த மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். வயலுக்கு அடிக்கிற மருந்தைப் படுக்கிற அறையில் அடிக்கவே கூடாது.

சூடு ஒன்றுக்குத்தான் இது பயப்படும். கட்டில் இடுக்கில் கொதிநீர் ஊற்றுங்கள். துணியைக் கொதிநீரில் முக்கி எடுங்கள். பாயைச் சும்மா வெயிலில் போட்டால் பூச்சி அடிப்பக்க நிழலுக்கு ஓடிவிடும். தலையணை, போர்வையைக் கறுப்பு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, உச்சி வெயிலில் சூடு உள்ளே ஏறும்வரை போடணும். ஒட்டுச்சுவர் வீடு என்றால் பக்கத்து வீட்டிலும் சொல்லி ஒரே நாளில் செய்யுங்கள். தப்பிய முட்டை பொரிந்திருக்கும், அதனால் 10 நாள் கழித்து மறுபடியும் ஒரு தடவை.