குமிழி தேடப் போகும் பிள்ளைகளுக்கு

நம் ஸ்ரீவைகுண்டம், நவதிருப்பதி என்னும் ஒன்பது பெருமாள் தலங்களில் சூரியனுக்கு உரியது. மேலே இருக்கும் அயனிமண்டலமும் சூரியன் ஆக்கி வைத்ததுதான். புவிகாந்த நடுக்கோடு நமக்குப் பக்கத்தில் ஓடுவதால், பொழுதடைந்த பின் அந்த மண்டலத்தில் எலக்ட்ரான் குறைந்த பிளாஸ்மா குமிழிகள் எழுவதைப் பார்க்க வாய்த்த ஊர் இது. குமிழியைக் கடந்துவரும் ஜிபிஎஸ் அலைகளில் அதன் தடம் தெரியும். அந்த அலைகளைப் பதிந்த கோப்புகளும் மென்பொருளும் காசில்லாமல் கிடைக்கின்றன. பொறுமையை மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.

1. முதலில் அமைதியான நாட்களைப் பாருங்கள். பத்து நாள் எலக்ட்ரான் தொகைக் கோடுகளை வரைந்து பழகாமல் 2024 மே 10 காந்தப்புயலில் கைவைத்தால், எது புயல், எது நம்மூர் அன்றாடம் என்று பிரிக்கத் தெரியாது.

2. மென்பொருளில் போடுமுன் ஜிபிஎஸ் பதிவான ரைனெக்ஸ் கோப்பைக் கண்ணால் படியுங்கள். 1575.42, 1227.60 மெகாஹெர்ட்ஸ் அலைகள் இரண்டுக்கும் எண் இருக்கிறதா? அயனிமண்டலம் இரண்டையும் வெவ்வேறு அளவில் தாமதப்படுத்துகிறது. அந்த வித்தியாசத்தில்தான் எலக்ட்ரான் கணக்கே நிற்கிறது.

3. கோப்பின் நேரம் நம் நேரமல்ல. ஐந்தரை மணி கூட்டுங்கள். 14.30-இல் ஒரு குமிழியைக் கண்டு, ‘பட்டப்பகல் குமிழி’ என்று ஒரு வாரம் துள்ளியவன் நான். அது இரவு எட்டு மணி.

4. ரிசீவர் அலையைத் தவறவிட்டால் எண் குதிக்கும். இந்த சைக்கிள் ஸ்லிப், குமிழி வேடம் போட்ட கள்ளன். பெருமாளுக்கே கள்ளபிரான் என்று பெயருள்ள நம் ஊரில் கள்ளனுக்கும் அருள் உண்டு, வரைபடத்தில் வேண்டாம். ஆனால் நிஜக் குமிழிக்குள்ளும் ஸ்லிப் வரும். கண்ணை மூடிக்கொண்டு வெட்டாமல், அடுத்த செயற்கைக்கோளிலும் அதே சலனம் தெரிகிறதா பாருங்கள். அடிவானிலிருந்து 30 டிகிரிக்குக் கீழே தாழ்ந்து நிற்கும் செயற்கைக்கோளைச் சேர்க்காதீர்கள்.

5. ‘ரோட்டி’ குறியீட்டை ஒருமுறையாவது காகிதத்தில் போடுங்கள். 30 வினாடிக்கு ஒன்றாக, 5 நிமிடத்துக்குப் பத்து எண்கள். எலக்ட்ரான் தொகை மாறும் வேகத்தின் திட்டவிலக்கம், அவ்வளவுதான்.

6. இலவசம் வேறு, திறந்த மூலம் வேறு. இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் கோபி சீமலா எழுதிய ஜிபிஎஸ்-டெக் இலவசச் செயலி. திறந்த மூல மென்பொருளான ஆர்டிகேலிப்பிலோ நிரலையே திறந்து, எந்த வரியில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். முதலாவதில் விடை எடுங்கள். இரண்டாவதில் வழி கற்றுக்கொள்ளுங்கள்.

7. உங்கள் நிரலையும் கோப்பின் தேதியையும் சேர்த்தே கொடுங்கள். ஆத்தூர்ப் பிள்ளை ஒருத்தி தன் கணினியில் ஓட்டி, அதே கோடு அவளுக்கும் விழுந்தால், அன்றைக்கு நீங்கள் குமிழி கண்டதாகச் சொல்லுங்கள்.