தொழில் கற்போம்: மரச்சில்லில் சூட்டுக்கோலம்



சேமிப்பு கட்டுகிறோம், கடன் வாங்குகிறோம், தவணை தவறாமல் திருப்பியும் கட்டுகிறோம். "அதெல்லாம் சரிங்க, கையில ஒரு தொழில் வேணுமே" என்ற கேள்வி எல்லாக் குழுவிலும் இருக்கிறது. ஊறுகாய், அப்பளம், பினாயில் என்ற வழக்கமான பட்டியலை விட்டுவிட்டு, இந்த முறை மரத்தில் சூடு வைத்துப் படம் வரையும் வேலையைப் பார்ப்போம். மரக்கிளையைப் பட்டையோடு வட்டச் சில்லாக அறுத்து, சூடான முனையால் கோலமோ, மயிலோ, பெயரோ எழுதிச் சுவரில் மாட்டும் அலங்காரப் பொருளாக ஆக்குவதுதான் வேலை. வர்ணம் கிடையாது, பிரஷ் கிடையாது. மரம் கருகுகிற நிறம்தான் மை.

இது புதுசு ஒன்றும் இல்லை. மூங்கிலில் பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்துத்தான் புல்லாங்குழலுக்குத் துளை போடுகிறார்கள். சத்தீஸ்கர் மாநிலம் பஸ்தார் பகுதியில் பழங்குடி மக்கள் மூங்கில் குழலிலும் காய்ந்த சுரைக்குடுக்கையிலும் சூடான கத்தி முனையால் கோடு கோடாகச் சித்திரம் போடுகிறார்கள். கரி அடுப்பும் இரண்டு மூன்று இரும்புத் துண்டும்தான் அவர்களுக்குக் கருவி. கடல் தாண்டி பெரு நாட்டிலும் சுரைக்காயில் செதுக்கியும் சுட்டும் படம் போடும் கிராமங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் இதுவே சோறு போடும் தொழில்.

நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. தினம் காலையில் வாசலில் குனிந்து கோலம் போடுகிற கை நம் கை. விரலிடுக்கில் மாவு விடும்போது கை மெதுவாகப் போனால் கோடு தடிக்கிறது, வேகமாகப் போனால் மெலிகிறது. சூட்டுக்கோலிலும் அதே கணக்குதான். மெதுவாக இழுத்தால் கருப்பாகவும் தடியாகவும் விழும், வேகமாக இழுத்தால் வெளிர்பழுப்பாக விழும். வாசல் கோலம் தப்பினால் காலால் அழித்துவிடலாம். இங்கே வைத்த சூடு வைத்ததுதான்.

எந்த மரம்?

வெளிர் நிற மரமாக இருந்தால்தான் கருகிய கோடு எடுப்பாகத் தெரியும். நம் கனகம்மாசத்திரம், திருத்தணி, பள்ளிப்பட்டு சுற்றுவட்டாரத்தில் மாமரத்துக்குப் பஞ்சமில்லை. காய் இறங்கியதும் தோப்பில் கவாத்து செய்யும் கிளைகள் பெரும்பாலும் அடுப்புக்குத்தான் போகின்றன. கை மணிக்கட்டு கனத்திலிருந்து தொடை கனம் வரை உள்ள மாங்கிளை இந்த வேலைக்கு நன்றாக இருக்கும். புளியங்கிளையும் ஆகும், ஆனால் அறுக்கத் தம் வேண்டும். வேலிகாத்தான் கட்டையில் உள்வைரம் கருப்பேறி இருப்பதால் நடுவில் படம் தெரியாது. பட்டை ஓரமாகச் சின்ன வேலை செய்யலாம், அவ்வளவுதான். அரளிக்கொம்பு வேண்டவே வேண்டாம், அதன் புகையும் நஞ்சு. பழைய ஜன்னல், கட்டில் என்று பெயிண்ட் அடித்த மரம், பிளைவுட் ஆகியவற்றிலும் சூடு வைக்கக்கூடாது. பெயிண்டும் பசையும் எரிந்து வரும் புகை நெஞ்சைக் கெடுக்கும்.

செம்மரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். கொலுவில் வைக்கும் மரப்பாச்சி ஜோடி திருப்பதிப் பக்கம் செம்மரத்தில் கடைந்து வருவது நம் எல்லோருக்கும் தெரியும். "எல்லை தாண்டினா கிடைக்குது, ஒரு துண்டு வாங்கினா என்ன?" என்று யாரும் நினைக்க வேண்டாம். செம்மரம் அழியும் நிலையில் உள்ள மரம். அதை வெட்டுவது, எடுத்துச் செல்வது, விற்பது எல்லாவற்றுக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரை ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்றது. செத்தவர்கள் நம் தமிழ்நாட்டுக் கூலிக்காரர்கள். ஒரு சாவிமாட்டிக்காக அந்த மரத்தின் பக்கமே போக வேண்டாம். சந்தனமும் அப்படியே. தோப்பில் கவாத்துக் கிளை வாங்கும்போதுகூட, சொந்தக்காரரிடம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வாங்கி வைப்பது நல்லது.

காயவைப்பதில்தான் பாதித் தொழில்

பச்சை மரத்தை அறுத்து அன்றைக்கே படம் போட்டால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒரு மாதத்தில் பட்டையிலிருந்து நடு வரைக்கும் கேக் வெட்டின மாதிரி பிளந்துகொள்ளும். காரணம் இதுதான். மரம் காயும்போது வளையத்தின் சுற்றுவாக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டைப் பக்கமாகச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இழுப்பைத் தாங்காமல் சில்லு பிளக்கிறது.

இதற்கு வழி உண்டு. கிளையை உடனே சில்லாக்காமல் இரண்டடி, மூன்றடித் துண்டுகளாக வைத்து, இரண்டு முனையிலும் உருக்கிய மெழுகோ பழைய பெயிண்டோ பூசுங்கள். நிழலில், தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்குங்கள். சில மாதம் அப்படியே கிடக்கட்டும். பிறகு ஒன்று, ஒன்றரை செ.மீ. கனத்தில் சில்லாக அறுத்து, இடையிடையே குச்சி வைத்துக் காற்று போகும்படி அடுக்கி, மறுபடி சில வாரம் நிழலிலேயே வையுங்கள். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், சீக்கிரம் பிளக்கவும் செய்யும். நேராக அறுக்காமல் சாய்வாக, வாழைக்காய் வறுவலுக்குச் சீவுகிற மாதிரி அறுத்தால் பிளப்பது குறையும், முட்டை வடிவமும் கிடைக்கும்.

காய்ந்ததா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு சில்லில் தேதி எழுதி, வாரம் ஒரு முறை தராசில் நிறுத்து நோட்டில் குறியுங்கள். எடை குறைந்துகொண்டே வந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இரண்டு மூன்று வாரம் ஒரே எடை காட்டினால் வேலைக்குத் தயார்.

மாமரத்துக்கு இன்னொரு தொல்லை, சீக்கிரம் உளுத்துப்போகும். வாங்கினவர் வீட்டுச் சுவரில் மாவு மாவாகக் கொட்டினால் நம் பெயர்தான் கெடும். அறுத்த சில்லை, ஒரு லிட்டர் வெந்நீரில் 30 கிராம் வெங்காரமும் 20 கிராம் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்து எடுத்துக் காயவைத்தால் வண்டு அண்டாது. இப்படி நனைத்ததைத் தட்டு, கரண்டி, வெற்றிலைத் தட்டு என்று சாப்பாட்டுப் பொருளாக விற்கக்கூடாது. அலங்காரத்துக்கு மட்டும்தான்.

மாந்தோப்புக் கவாத்து ஆடி, ஆவணியில் வருகிறது. அப்போது வெட்டிய கிளை அடுத்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குத்தான் பொருளாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வருஷக் காத்திருப்புதான் பல பேரைப் பின்வாங்க வைக்கும். அவசரப்படுகிறவர்களுக்கு இந்தத் தொழில் ஒத்துவராது என்பது எங்கள் எண்ணம்.

கருவியும் கைப்பழக்கமும்

ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடையில் ஈயம் பற்றவைக்கும் சால்டரிங் அயன் பார்த்திருப்பீர்கள். 25 வாட் அல்லது 35 வாட் அயன் ஆரம்பத்துக்குப் போதும். எலக்ட்ரிக்கல் கடையில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கூடவே அதை வைக்கும் கம்பி ஸ்டாண்டையும் வாங்குங்கள், அதை மிச்சம் பிடிக்காதீர்கள். வெறும் செம்பு முனையாக இருந்தால் அரத்தால் ராவி ஒன்றைக் கூராகவும் ஒன்றை உளி மாதிரி தட்டையாகவும் ஆக்கிக்கொள்ளலாம். முலாம் பூசிய முனையை ராவக்கூடாது. கரண்ட் இல்லாத நேரத்தில் பஸ்தார்க்காரர்கள் வழிதான்: சைக்கிள் ஸ்போக் கம்பி நாலைந்துக்கு மரப்பிடி போட்டு, கரி அடுப்பில் மாற்றி மாற்றிச் சுட வைத்துக்கொண்டு வரையலாம். கம்பி சீக்கிரம் ஆறிவிடும், அதனால் ஒன்று போதாது.

சில்லை 80-ம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 120, 220 வரை தேயுங்கள். கன்னத்தில் வைத்தால் உறுத்தக்கூடாது. கார்பன் தாள் வைத்துப் படம் இறக்கினால் நீலக்கறை போகாது. படத்தின் பின்பக்கம் பென்சிலால் தேய்த்துவிட்டு, மேலே வரைந்தால் லேசாக இறங்கும், பிறகு ரப்பரால் அழித்துவிடலாம்.

முதல் வாரம் கழிவுத்துண்டில் புள்ளி மட்டும் வையுங்கள். முனையைத் தொட்டு "ஒண்ணு, ரெண்டு" எண்ணி எடுங்கள். எல்லாப் புள்ளியும் ஒரே அளவாக வரும் வரை கோட்டுக்குப் போக வேண்டாம். கோடு போடும்போது பலர் முனையை ஊன்றிவிட்டு இழுப்பார்கள், ஆரம்பத்தில் கருப்பாகக் கட்டி விழும். கையை ஓடவிட்டு ஓடும்போதே மரத்தைத் தொட வேண்டும், ஓடும்போதே எடுத்துவிட வேண்டும். அழுத்தவே கூடாது, சூடு தன் வேலையைச் செய்யும். வளைவு வந்தால் கையைத் திருப்பாமல் சில்லைத் திருப்புங்கள். வளையம் கெட்டியாக இருக்கும் இடத்தில் முனை தடுக்கும், அங்கே கொஞ்சம் நிதானம்.

ஐந்துக்கு ஐந்து புள்ளிக்கோலம் ஒன்றைச் சரியாக முடித்தவர் வேல், சேவல், மயில் எல்லாம் தானாகப் போட்டுவிடுவார்.

உடம்பு முக்கியம்

விறகடுப்புப் புகையிலிருந்து தப்பித்து கேஸுக்கு வந்த நாம், காசுக்காக இன்னொரு புகையை வாங்கிக்கொள்ளக்கூடாது. மூடிய அறையில் இந்த வேலை கூடாது. திண்ணையில், மரத்தடியில், காற்று பக்கவாட்டில் போகும்படி உட்காருங்கள். படத்தின் மேல் மூக்கை வைத்துக் குனியாதீர்கள். முந்தானையால் மூக்கைக் கட்டினால் நுண்ணிய புகை நிற்காது. ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் உப்புத்தாள் தேய்ப்பு, சூடு இரண்டையும் விட்டு, கணக்கு, பேக்கிங், விற்பனையைப் பார்க்கட்டும்.

நைலக்ஸ், பாலியஸ்டர் புடவை சூடு பட்டால் உருகித் தோலில் ஒட்டும். பருத்தி உடுத்தி முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். பிளக் மூன்று முள் உள்ளதாக, எர்த் உள்ளதாக இருக்கட்டும். பக்கத்தில் ஒரு வாளி மணல். குழந்தைகள் எட்டும் இடத்தில் வயர் தொங்கக்கூடாது. சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். மை, பேஸ்ட், மாவு எதுவும் தடவ வேண்டாம்.

முடித்த பொருளுக்கு நிறமில்லாத வார்னிஷ் இரண்டு கை அடிக்கலாம். தேங்காய் எண்ணெய் தடவினால் சிக்கு வாடை வரும். ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள்.

விலை போடுவது எப்படி?

நம் பெண்கள் தடுமாறுவது இங்கேதான். "மரம் சும்மா கிடைச்சது, வீட்டில உட்கார்ந்து செஞ்சது, அம்பது ரூபாய்க்குக் குடுத்துடலாம்" என்பார்கள். கையில் வைத்துப் பார்க்கும் அளவுள்ள ஒரு சில்லுக்கு உதாரணக் கணக்கு போடுவோம். கிளையும் அறுப்புக்கூலியும் ரூ.10. உப்புத்தாள் ரூ.3. கொக்கி, கயிறு ரூ.5. வார்னிஷ் ரூ.4. மின்சாரம் ரூ.1 (25 வாட் அயன் 40 மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட்). ஆக ரூ.23. தேய்க்க, வரைய, பூச ஒன்றரை மணி நேரம். உங்கள் ஊர்க் கூலி எட்டு மணி நேரத்துக்கு ரூ.320 என்று வைத்தால் மணிக்கு ரூ.40, ஒன்றரை மணிக்கு ரூ.60. பிளந்தது, கருகியது என்று வீணாவதற்கு ரூ.8. மொத்த அடக்கம் ரூ.91.

கடைக்காரர் நூற்றுக்கு 30 எடுத்துக்கொள்வார் என்றால் கடை விலை ரூ.130 இருந்தால்தான் நம் கைக்கு அந்த ரூ.91 வரும். அதில் லாபம் இன்னும் ஒரு பைசா இல்லை, கூலி மட்டும்தான். நீங்கள் நேரடியாக விற்கும்போதும் ரூ.130-க்குக் குறைக்காதீர்கள். மிச்சம் 39 ரூபாய் நீங்கள் கடைக்காரராக நின்ற வேலைக்கு. ஐம்பதுக்குக் கொடுக்கிறவர் தன் கூலியைத் தானே தள்ளுபடி செய்கிறார், பக்கத்துக் குழுவின் விலையையும் சேர்த்துக் கெடுக்கிறார்.

பெரிய ஊர்களில் லேசர் மெஷின் இதே படத்தைச் சில நிமிடத்தில் போட்டுத் தள்ளுகிறது. நூறு ஒரே மாதிரி வேண்டுமென்றால் அதோடு நாம் போட்டி போட முடியாது. ஆனால் பட்டையோடு இருக்கும் சில்லு ஒவ்வொன்றும் ஒரு வடிவம். வாங்குபவர் நிற்கும்போதே அவர் குழந்தை பெயரை எழுதித் தருவது நம்மால் முடியும். சென்னை - திருப்பதி சாலையில் இருக்கிறோம். ஆடிக் கிருத்திகைக்கும், டிசம்பர் 31 திருத்தணி படித் திருவிழாவுக்கும் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் சேர்ந்தே வருகிறார்கள். நம் குழுக்களில் தெலுங்கு எழுதத் தெரிந்த அக்காமார் இருக்கிறார்கள், அவர்களைப் பெயர் எழுதும் இடத்தில் உட்கார வையுங்கள். கல்யாணத் தாம்பூலப் பையில் போடும் சிறு சில்லு, வீட்டுப் பெயர்ப்பலகை, சாவிமாட்டி, கொலுவில் வைக்கும் பெயரட்டை ஆகியவற்றுக்குத் தேவை வரும். டம்ளர் வைக்கும் சில்லில் சாமி படம் மட்டும் போடாதீர்கள். எச்சில் படும் இடத்தில் முருகனை வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள்.

குழந்தைகள் விளையாடும் பொம்மையாக எதையும் விற்க வேண்டாம். 14 வயதுக்கு உட்பட்டவர்களின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய அரசின் கைவினைப் பொருள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. அந்த அடையாள அட்டை இருந்தால் கண்காட்சிகளில் இடம் கேட்கவும் உதவும்.

இதற்காக வங்கிக் கடன் இப்போது வேண்டாம். ஒரு குழுவில் ஐந்து பேர், உள்கடனில் இரண்டு அயன், இரண்டு ஸ்டாண்ட், உப்புத்தாள் வாங்கி, இருபது சில்லு செய்யுங்கள். இருபதும் ரூ.130-க்கு விற்கிறதா என்று பாருங்கள். விற்றால் மேலே பேசலாம். விற்காவிட்டால் அயனை டி.வி. ரிப்பேர் கடைக்காரர் பாதி விலைக்காவது எடுத்துக்கொள்வார், மரத்தை அடுப்பு எடுத்துக்கொள்ளும். களை எடுப்பும் நடவும் இல்லாத நாட்களில் கை சும்மா இராமல் கொஞ்சம் காசு வரும் வேலை இது. அதற்கு மேல் யாராவது "மாதம் இருபதாயிரம்" என்று ஆசை காட்டிப் பயிற்சிக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

செய்து பார்க்கிற குழுக்கள் சில்லின் எடை எழுதிய நோட்டையும் முதல் ஐந்து துண்டுகளையும், பிளந்தது உட்பட, அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மேஜையில் வரிசையாக வைத்து எல்லோரும் பார்ப்போம்.